மச்சானுக்குக் கொடுத்த நாக்கு

என் மகனுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே நான் நலம். அப்பா நலம், காதுதான் இன்னும் கொஞ்சம் மந்தமாகியிருக்கிறது. உன் தங்கை தட்டில் வைத்ததைச் சாப்பிடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், அதனால் அவளும் நலம் என்றே எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். நீ கையும் காலும் முழுதாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை.

போனில் பேச வேண்டியதை ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். முதலில் அழைத்தபோது நீ சிரித்தாய். மறுபடி அழைத்தபோது "அம்மா, லைன்ல நிக்கிறேம்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்றாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. இப்போதெல்லாம் மணி அடித்து அடித்துத் தானே ஓய்கிறது. எடுத்தாலும் என்ன. என் வாக்கியம் முடிவதற்குள் நீ ஒரு வேடிக்கை சொல்வாய், நானும் அரைச் சிரிப்பு சிரித்துத் தொலைப்பேன், பேச வந்தது பேசாமலே போய்விடும். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கூரியர்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார். உட்கார்ந்து படி.

குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. அப்பா அதன் கழுத்தில் துணியைச் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருக்கிறார், குழாய்க்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி. மாடிப்படி விளக்கை மாற்றிவிட்டேன். நீ அனுப்பிய வீடியோவை அப்பா போன வாரம்வரை காட்டாத ஆள் இல்லை. முடி வெட்டப் போன இடத்தில் கழுத்தில் துணியோடு உட்கார்ந்துகொண்டு கடைக்காரருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். அவர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, "சார், தம்பி சர்க்கஸ்ல சிங்கத்துக்கூட நிக்கிற மாதிரில்ல நிக்கிறாரு" என்றாராம். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வந்து என்னிடம் சொன்னார். சர்க்கஸ்காரனுக்காவது கையில் சவுக்கு இருக்கும்.

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். பல தடவை பார்த்தேன், உன் அப்பா பார்த்த காரணத்துக்காக இல்லை. உன் தொழிற்சாலையில், வெல்டிங் ரோபாட்டைச் சுற்றிப் போட்டிருக்கிற கம்பிக் கூண்டுக்குள்ளே நிற்கிறாய். வெளியே இல்லை, உள்ளே. சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருக்கிறாய். முகத்தில் வெல்டிங் கண்ணாடி இல்லை, கடற்கரைக்குப் போகிறவன் போடுகிற கறுப்புக் கண்ணாடி. கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறாய். உன் தோளுக்குப் பின்னால் அந்த மஞ்சள் கை நீண்டு, மடங்கி, பொறி தெறிக்க வேலை செய்துகொண்டிருக்கிறது. கீழே நீ எழுதியிருந்தாய்: என் தம்பி, கடிக்க மாட்டான். நான் பெற்றது ஒரு பையன், ஒரு பெண். அவனை நான் பெறவில்லை. அவனுக்கு நீ யார் என்று தெரியாது. உன் தோள் இருக்கிற இடமும் இரும்பு இருக்கிற இடமும் அவனுக்கு ஒன்றுதான். அவனுக்குக் கோபமும் கிடையாது, பாசமும் கிடையாது, எந்தப் புள்ளிக்குப் போகச் சொன்னார்களோ அந்தப் புள்ளிக்குப் போவான். நடுவில் நீ இருந்தால், நடுவில் நீ இருக்கிறாய். அவ்வளவுதான். படத்தின் ஓரத்தில் கூண்டின் கதவு திறந்து கிடக்கிறது. கதவு திறந்திருக்கிறது, மெஷின் ஓடுகிறது. அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்பா உன் சிரிப்பைப் பார்த்தார்.

உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதப்போகிறேன். தெரிந்தவன் தெரியாத மாதிரி நடப்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன். கூண்டுக் கதவின் சட்டத்தில் ஒரு சின்னப் பெட்டி. கதவில் ஒரு இரும்புத் துண்டு, விரல் நீளம், நுனி வளைந்தது. கதவைச் சாத்தினால் துண்டு பெட்டிக்குள் போகும், மெஷின் ஓடும். கதவைத் திறந்தால் துண்டு வெளியே வரும், மெஷின் நிற்கும். ஒரு குழந்தைக்குப் புரிகிற ஏற்பாடு. உங்கள் இடத்தில் என்ன பெயரோ, எங்கள் ஷெட்டில் அதை நாக்கு என்கிறார்கள். அதே மாதிரி இன்னொரு நாக்கைக் கொண்டு வந்து பெட்டிக்குள் சொருகி வைத்துவிட்டால் கதவு திறந்திருப்பது மெஷினுக்குத் தெரியாது. உன்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். எழுதும்போதே அருவருப்பாக இருக்கிறது. எங்கள் ஷெட்டில் அத்தனை பேரும் பிடுங்காமல் விட்டது அதைத்தான்.

நானும் மாப்பிள்ளையும் ஒரே தொழிற்சாலை, நான் அங்கே எலக்ட்ரீஷியன், பிரஸ் ஷெட்டும் பெயின்ட் ஷெட்டும் என் பொறுப்பு, மாப்பிள்ளை நிற்கிற ரோபாட் லைனுக்கு வேறு ஆள். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்துதானே நான் பெயின்ட் ஷெட்டில் ஏணிமேல் இருந்த நேரமாகப் பார்த்து நீ ரோபாட் லைனுக்குப் போனாய். லீவில் வந்த பிள்ளை அம்மா வேலை செய்கிற இடத்தைப் பார்க்க வந்திருக்கிறான் என்று வாசலில் எல்லாரிடமும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவள் நான். நீ அங்கே என்ன செய்தாய் என்பது எனக்கு ஆஸ்பத்திரி நடைபாதையில்தான் தெரிந்தது. உன் தங்கை சொன்னாள். டீ நேரமாம். மாப்பிள்ளை, அவருடைய பக்கத்து மேசைக்காரி, சூப்பர்வைசர், எல்லாரும் நின்றிருக்கிறார்கள். வாயைத் திறந்தால் டார்கெட் என்பதைத் தவிர வேறு வராததால் அந்த சூப்பர்வைசருக்கு ஷெட்டில் டார்கெட் என்றே பெயர். நீ சட்டைப்பையிலிருந்து ஒரு நாக்கை எடுத்து, "இந்தாங்க மச்சான், உங்க லைனுக்கு என் அன்பளிப்பு. சும்மா சும்மா கதவச் சாத்திட்டு ஓடாதீங்க" என்று மாப்பிள்ளை கையில் வைத்தாய். அவர் விழித்திருக்கிறார். நீயே வாங்கிப் பெட்டியில் சொருகிக் காட்டினாய். டார்கெட் கைதட்டினாராம். "தம்பி, இத முன்னாடியே கொண்டு வந்திருக்கக் கூடாதா?" என்றாராம். பக்கத்து மேசைக்காரி மட்டும் "கரண்ட் அக்காவுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிடுவாங்க" என்றிருக்கிறாள். நீ சிரித்து, "அம்மாவுக்கு எதுக்குத் தெரியணும்?" என்றாய். எதற்குத் தெரிய வேண்டும். சரிதான்.

இதெல்லாம் தெரிவதற்கு முன்னால், ஒரு தடவை அந்தப் பக்கம் போனபோது பெட்டிக்குள் அது இருப்பதைப் பார்த்தேன். ஸ்டோரிலிருந்து டார்கெட் எடுத்துக்கொடுத்திருப்பார் என்று நினைத்தேன். பிடுங்கிப் பழைய இரும்புத் தொட்டியில் வீசினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். மாமியார் நாலு பேர் முன்னால் கத்துகிறாளே என்ற கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன். டார்கெட் மட்டும், "அக்கா, நீங்க உங்க ஷெட்டு கரண்ட்ட மட்டும் பாருங்க" என்றார். நான் போனதும் தொட்டிக்குள் கையை விட்டு, எண்ணெயும் பிசிறும் அப்பியிருந்ததைப் பொறுக்கி எடுத்து, கழுவி, மறுபடி சொருகியிருக்கிறார்கள். கீழே போட்ட மிட்டாயைக் குழந்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்வது போல. என் பிள்ளை கொடுத்தது என்று என்னிடம் சொல்லாமல் விட்டது எல்லாரும் எனக்குக் காட்டிய தயவு.

மாப்பிள்ளையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோணலாக எதுவும் இருந்தால் அவருக்குப் பொறுக்காது. வாசலில் நம் செருப்புகள் கிடப்பதைச் சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். மேசைமேல் ஸ்பூன் சாய்ந்திருந்தால் பேச்சுக்கு நடுவிலேயே நேராக்குவார். நீ கேலி செய்வாய், வேண்டுமென்றே டம்ளரை ஓரத்தில் வைத்துவிட்டு அவர் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாய். விபத்து நடந்த அன்றைக்கு அவர் வெளியிலிருந்து பொத்தானை அழுத்தியிருக்கிறார். மெஷின் நகரவில்லை. வெல்டிங் டார்ச் முனையில் உருகிய இரும்புப் பொட்டுகள் ஒட்டி அடைத்திருக்கும் என்று நினைத்து, குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு, திறந்தே கிடக்கிற கதவு வழியாக உள்ளே போனார். சுரண்டினார். சுத்தம் செய்தார். திரும்பும்போது பார்த்தால் ஜிக்கில், வெல்டிங்குக்கு இரும்பை உட்கார வைக்கிற சட்டத்தில், ஒரு துண்டு கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. விரலால் அழுத்தி நேராக்கினார். அவ்வளவுதான் செய்தார். அந்த மெஷின் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தது. துண்டு சரியாக உட்காரவில்லை என்பதால் நின்றிருந்தது. உட்கார்ந்ததும் வேலையைத் தொடங்கிவிட்டது. துண்டை அழுத்திப் பிடிக்கிற கிளாம்ப் அவர் விரல்மேல் மூடியது, மஞ்சள் கை மேலிருந்து இறங்கியது, பொறி பறந்தது. நின்றுகொண்டிருக்கிற மெஷினை நின்றுவிட்ட மெஷின் என்று நினைக்கக் கூடாது. அது எதற்கோ காத்திருக்கிறது. எதற்கு என்று அதனிடம் கேட்க முடியாது, அதுவும் சொல்லாது.

பக்கத்து மேசைக்காரி சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். புண்ணியவதி. மேலே இருந்த கை அப்படியே நின்றது. கிளாம்ப் திறக்கவில்லை. அந்தப் பொத்தான் ரோபாட்டை நிறுத்தும், கிளாம்ப்பைப் பிடித்திருக்கிற காற்றை விடாது, எங்கள் ஷெட்டில் அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியவில்லை. டார்கெட் வந்து, "இழுங்கய்யா, கைய இழுங்க" என்று கத்தி, அவர் தோளைப் பிடித்து இழுக்கவும் தொடங்கிவிட்டார். சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது என் மாப்பிள்ளையை ஒரு பக்கம் மனுஷன் இழுக்கிறான், ஒரு பக்கம் இரும்பு பிடித்திருக்கிறது. டார்கெட்டைத் தள்ளிவிட்டேன். வால்வுப் பெட்டியைத் திறந்து ஸ்குரூடிரைவர் முனையால் வால்வின் குமிழை அழுத்தினேன். காற்று வெளியேறி கிளாம்ப் திறந்தது. கையுறையின் தோலும் அவர் தோலும் எது எது என்று தெரியவில்லை. அந்த வாசனையை எழுதமாட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர், "அத்தை, அவகிட்ட போன்ல சொல்லிடாதீங்க, நேர்ல சொல்லுங்க" என்றார். வலது கையில் இரண்டு விரல் இல்லை. புறங்கையில் மணிக்கட்டுவரை வெந்துபோயிருக்கிறது. இனி இடது கையால் கையெழுத்துப் போடப் பழக வேண்டும்.

நான் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். பின்னால் நடந்ததைப் பக்கத்து மேசைக்காரி வந்து சொன்னாள். தரையைப் பஞ்சால் துடைத்தார்கள். டார்கெட் தன் கையாலேயே பெட்டியிலிருந்து நாக்கைப் பிடுங்கினார், பேன்டில் துடைத்தார், மாப்பிள்ளையின் சாப்பாட்டுப் பைக்குள் போட்டார், கொஞ்ச நேரம் கழித்து நாலு பேரைக் கூப்பிட்டு வைத்து அதே பையிலிருந்து வெளியே எடுத்தார். "திருட்டுத்தனமா இதையெல்லாம் வச்சிக்கிட்டுத் திரிஞ்சா கை போகாம என்ன பண்ணும், எல்லாரும் பாத்தீங்கல்ல?" என்றாராம். எல்லாரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு கிளாம்ப்பைக் கழுவி, அந்த ஷிஃப்ட் முடிவதற்குள் லைனை ஓட்டியும் விட்டார்கள். அதே டார்ச். அதே ஜிக். அவர் நேராக்கிய அந்தத் துண்டுக்கு வெல்டிங் முடிந்து எந்த வண்டியின் சீட்டுக்குக் கீழேயோ போயிருக்கும். யாரோ ஒருவர் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு ஊர் பார்க்கப் போவார்.

கம்பெனி விசாரணையில் டார்கெட் சொன்னதுதான் நின்றது. மாப்பிள்ளை அவராகவே ரகசியமாகச் செய்துகொண்டார், தன் தவறால் தன் கையைக் கெடுத்துக்கொண்டார், அதனால் வேலையும் கிடையாது, வேறெதுவும் கிடையாது. மாப்பிள்ளை மறுக்கவில்லை. படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை, "வாயத் தொறந்து சொல்லுங்களேன், அந்தாளு பொய் சொல்றான்னு" என்றேன். "விடுங்க அத்தை" என்றார். எதை விடுவது என்று எனக்குப் புரியவில்லை. அப்போதுதான் உன் தங்கை என் கையைப் பிடித்து நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னாள். நாக்கைச் சொருகும்போது டார்கெட் பக்கத்திலேயே நின்றார் என்று சொன்னால், சொருகியது யார் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் உன் பெயர். உன் பெயரைச் சொல்லாமல் அவரால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. "அவன் அங்க நல்லா வந்துட்டு இருக்கான், நம்மளால கெட வேணாம்னு சொல்றாரும்மா" என்றாள். சொல்லும்போது அவள் அழவில்லை. எனக்கு அது பயமாக இருந்தது.

பிறகு அவள் தன் போனை எடுத்துக் காட்டினாள். உனக்கு அவள் செய்தி அனுப்பியிருக்கிறாள், இப்படி ஆகிவிட்டது, இரண்டு விரல் போய்விட்டது என்று. நீ அனுப்பிய பதிலை நான் என் கண்ணால் படித்தேன். "ஐயோ. மச்சான் கொஞ்சம் பாத்து நின்னிருக்கலாம்." அதற்குக் கீழே, "என் பேரு எங்கயும் வரலியே?" அதற்கும் கீழே, "எங்க லைன்ல எல்லார்கிட்டயும் ஒண்ணு இருக்கு, இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல." எந்தக் கை என்று நீ கேட்கவில்லை. எந்த விரல் என்று கேட்கவில்லை. நான் அந்த நடைபாதையில், மருந்து நாற்றத்தில், போனை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு என் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். எதற்குத் துடைத்தேன் என்று தெரியவில்லை. போனில் அழுக்கு இல்லை. சொந்தப் பிள்ளைமேல் அருவருப்பு வரும் என்று யாரும் எனக்குச் சொல்லிவைத்ததில்லை. கோபம் வரும், அழுகை வரும், அது தெரியும். இது வேறு. தட்டில் ஈ விழுந்ததைப் பார்த்த பிறகு பசி எங்கே போகும் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது போல.

வீட்டுக்கு வந்து மறுபடி அந்த வீடியோவைப் பார்த்தேன். இந்தத் தடவை உன்னைப் பார்க்கவில்லை, பின்னால் நிற்கிற ஆட்களைப் பார்த்தேன். உன்கீழே வேலை செய்கிறவர்கள். ஒருத்தன் கூண்டுக்குள் குனிந்து எதையோ எடுக்கிறான், உன் தம்பி என்கிறாயே, அது அவன் தலைக்கு மேலே போகிறது. இன்னொருத்தன் கையில் ரோபாட்டை இயக்குகிற புரோகிராம் பெட்டியை வைத்திருக்கிறான், பிடியில் இருக்கிற சுவிட்சை டேப் போட்டுச் சுற்றியிருக்கிறான். அந்த சுவிட்ச் எதற்கு என்று அவனுக்கு யாராவது சொன்னார்களா? கை பயத்தில் விட்டாலும் நிற்கும், பயத்தில் இறுக்கினாலும் நிற்கும் என்பதற்குத்தானே அதை அப்படிச் செய்தார்கள்? மனுஷன் எப்படிப் பயப்படுவான் என்று யாரோ உட்கார்ந்து யோசித்து வைத்ததை அவன் டேப்பால் சுற்றிவிட்டான். புகையை இழுக்கிற குழாய் மேலே சும்மா தொங்குகிறது, வாயில் துணி அடைத்திருக்கிறது, சத்தம் போடுகிறதென்று அடைத்திருப்பீர்கள். அந்தப் புகை எல்லாம் உங்கள் மூக்கில் போய்க் கறுப்பாக வெளியே வரும், கைக்குட்டையில் பார்த்திருப்பாய். எல்லார் பெல்ட்டிலும் சாவிக்கொத்து, சாவிக்கொத்தில் நாக்கு. நீ கொடுத்ததா? பெருமைக்கு மாட்டிக்கொள்கிறார்களா? அவர்களுக்கும் அம்மாக்கள் இருப்பார்கள், எங்கேயோ ஒரு வீட்டில் வீடியோ பார்ப்பார்கள்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். அரசாங்கத்திலிருந்து தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்திருந்தாள். சின்னப் பெண், உன் தங்கை வயது, தலைக்குப் பெரிதான ஹெல்மெட், அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தாள். மேனேஜர் அறையில் எல்லாரையும் நிற்க வைத்தார்கள். மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் உறையில் அந்த நாக்கு. டார்கெட் பாடம் ஒப்பிப்பது போல ஒப்பித்தார், அவருடைய பை, அவருடைய குறும்பு, எங்களுக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல உங்க ஸ்டோர் மார்க் இல்லையே. எங்க இருந்து வந்துச்சு?" என்றாள். பக்கத்து மேசைக்காரி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், அவள் சொல்லமாட்டாள், எனக்காகச் சொல்லமாட்டாள், அந்தத் தயவுதான் மறுபடி. "என் பிள்ளை கொண்டு வந்தது" என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம். அவன் கொண்டு வந்தான், அவன்தான் சொருகினான், இந்த சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று கைதட்டினார், நான் ஒரு தடவை பிடுங்கி எறிந்தேன், மறுபடி எடுத்துச் சொருகினார்கள், விபத்து நடக்கும்வரை எல்லாரும் அதே கதவு வழியாகத்தான் போனார்கள் வந்தார்கள். டார்கெட், "அக்கா, என்ன பேசுறீங்க, உங்க பையன் அக்கா" என்றார். அவர் என்னிடம் கெஞ்சுகிற குரலில் பேசியது அதுதான் முதல் தடவை. நான் சொன்னதும் பக்கத்து மேசைக்காரியும் வாயைத் திறந்தாள். "ஆமாங்க, நானும் நின்னேன்" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர்.

இன்ஸ்பெக்டர் உன் பெயரையும் நீ வேலை செய்கிற இடத்தையும் கேட்டாள். எழுதுவதற்கு முன்னால் பேனாவை மூடிவிட்டு, "அம்மா, யோசிச்சு சொல்லுங்க. இத எழுதினா அவர் இருக்கிற எடத்துக்கும் தகவல் போகும். அங்கயும் போய்ப் பாப்பாங்க" என்றாள். "போகணும்னுதாம்மா சொல்றேன்" என்றேன். அவள் எழுதினாள். எழுத்துக்கூட்டிச் சொன்னேன், உன் பெயரைத் தவறாக எழுதிவிடக் கூடாது என்று.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது, காது கேட்காமல் இல்லை. கடைசியில், "வேற யாராவது சொல்லியிருக்கலாமே, நீ எதுக்குச் சொன்ன?" என்றார். "வேற யார் சொல்வா?" என்றேன். எழுந்து போய்க் குழாயில் துணியை இறுக்கிக் கட்டினார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நேற்று மாப்பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டே அப்பா அவராகவே என்னிடம் பேச ஆரம்பித்தார். மாப்பிள்ளைதான் இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை. உன்னைக் காப்பாற்ற அவர் கொடுத்ததை நான் எடுத்து மேசைமேல் போட்டுவிட்டேன் என்று வருத்தம். அவருடைய வருத்தத்தை நான் பொறுத்துக்கொள்வேன். நீ என்னைத் திட்டினால் அதையும் பொறுத்துக்கொள்வேன். திட்டுவதற்கு முழுசாக இரு.

உன் வேலை போகலாம். போனால் போகட்டும் என்று எழுதமாட்டேன், எனக்கும் அது வலிக்கும். மச்சானுக்கு நீ எழுத வேண்டியதை நான் சொல்லித்தர முடியாது. எந்த விரல் என்று கேட்டு ஆரம்பிக்கலாம். முதலில் வருவது இந்தக் கடிதமா இன்ஸ்பெக்டர்களா என்று தெரியாது. கடிதம் முதலில் வந்தால் உனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது என்று வைத்துக்கொள். பெட்டிகளில் இருப்பதை எல்லாம் நீயே பிடுங்கு. எல்லார் சாவிக்கொத்திலிருந்தும் கேட்டு வாங்கு, கொடுத்தவன் கேட்டால்தான் கொடுப்பார்கள். உள்ளே போக வேண்டுமென்றால் மின்சாரத்தை அணை, காற்றை வெளியேற்று, மெயின் சுவிட்சில் உன் பூட்டைப் போடு, சாவி உன் பையில் இருக்கட்டும், வேறு யாரிடமும் கொடுக்காதே, என்னிடம்கூட. உன் ஆள் உள்ளே போனால் அவன் பூட்டு, அவன் சாவி. சட்டைக்கையை இறக்கிவிடு. அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கடற்கரைக்கு வைத்துக்கொள். பிறகு அவர்கள் வந்து கேட்டால் வேடிக்கை பேசாமல் உள்ளதைச் சொல்.

கடவுள் உனக்கு நீண்ட ஆயுளும் பத்து விரலும் கொடுக்கட்டும். உன்கீழே நிற்கிறவர்களுக்கும் அப்படியே. குளிர்காலத்துக்கு அப்பா உனக்கு ஒரு போர்வை வாங்கி வைத்திருக்கிறார், தனியாக அனுப்புகிறோம். மறந்துவிடாதே, இதைப் படித்து முடித்ததும் எதுவும் யோசிக்காமல் பூட்ஸைப் போட்டுக்கொண்டு நேரே ஷெட்டுக்குப் போ.

இப்படிக்கு,
உன் பெயரைச் சொன்ன
அம்மா